ஒரு விமானத்தைக்கூட வீழ்த்தாத ஃபைட்டர் ஸ்குவாட்ரன்: 300 பற்றிக் கொஞ்சம் சண்டை

2025 ஜூலை 6, காலை

இந்தியக் கடற்படையின் போர் விமானப் பிரிவு (ஸ்குவாட்ரன்) ஒன்றைப் பற்றி வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன்: "ஐ.என்.ஏ.எஸ். 300, வெள்ளைப் புலிகள். இந்த மாதத்தோடு 65 வயது. மூன்று வகை ஜெட், நான்கு கப்பல், கை நிறையப் பதக்கம். ஆனால் வானத்தில் ஒரு எதிரி விமானத்தைக்கூட வீழ்த்தியதில்லை. 1971-ல் போட்ட குண்டெல்லாம் எதிர்க்க ஆளில்லாத துறைமுகத்தில். இதற்குப் போய் ஃபைட்டர் ஸ்குவாட்ரன் என்று பெயரா?"

வீழ்த்தியதில்லைதான். மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து அளக்கிறவர், இந்த விமானங்கள் ஏறி இறங்கும் விமானந்தாங்கிக் கப்பலை மறந்துவிடுகிறார். விமானப்படைக்காரர்களின் ஓடுபாதை எங்கேயும் போய்விடாது. இவர்களுடைய ஓடுபாதைக்கு பாய்லரில் விரிசல் விழும், வருடக்கணக்கில் பழுதுபார்க்கப் போகும், கடைசியில் பழைய இரும்பாக ஏலத்துக்கும் போகும். 300-ன் கதையில் முக்கால்வாசி கப்பலின் கதை. இரவு விரிவாக எழுதுகிறேன்.

அன்றே, இரவு

1960 ஜூலை. வேல்ஸ் நாட்டில் பிராடி என்ற பிரிட்டிஷ் கடற்படை விமானத்தளம். அங்கேதான் ஸ்குவாட்ரன் பிறந்தது, லெப்டினன்ட் கமாண்டர் பி.ஆர். ஆச்சார்யா தலைமையில். விமானம் சீ ஹாக்: ஒற்றை என்ஜின், ஒற்றை இருக்கை, மூக்கில் நான்கு 20 மி.மீ. பீரங்கி. ஒலியின் வேகத்தை எட்டாது. அன்றைக்கே பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் கப்பல்களிலிருந்து அதை ஓய்வு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் அதை வாங்கினோம்? கப்பல் அதற்குத்தான் இடம் கொடுத்தது. விக்ராந்த் என்று நாம் பெயர் வைத்தது 1943-ல் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் விட்ட ஹெர்குலிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 1957-ல் வாங்கி, பெல்ஃபாஸ்டில் முடிக்க வைத்து, 1961 மார்ச் 4 அன்று கொடி ஏற்றினார்கள். அந்த அளவுத் தளத்தில் பெரிய சூப்பர்சானிக் ஜெட்டை இறக்க முடியாது. மே 18 அன்று அந்தத் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி. பிற்பாடு கடற்படைத் தளபதியானார்.

அதே வருட டிசம்பரில் கோவாவைப் போர்ச்சுகீசியரிடமிருந்து மீட்கும் சண்டை. விக்ராந்த் கடலில் நின்றது, சீ ஹாக்குகளுக்குக் குண்டு போடும் வேலை வரவில்லை. 1965 போரில் கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்பில் கிடந்தது. (அதை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் அறிவித்ததுதான் வேடிக்கை.) சீ ஹாக்குகளை ஜாம்நகருக்குக் கொண்டுபோய், பாகிஸ்தானின் பதின் என்ற ஊரிலிருந்த ரேடார் நிலையத்தைத் தாக்கத் திட்டம் போட்டு, கடைசி நேரத்தில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். முதல் பத்து வருடம் அவ்வளவுதான்.

ஜூலை 7

"சூலூருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டாமே?" என்று கோவை நண்பர் ஒருவர்.

உண்டு. கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்ஸா முதலில் தொடங்கப்பட்டது சூலூரில்தான், 1961 செப்டம்பர் 5 அன்று. கோவா கைக்கு வந்த பிறகு, 1964 ஜூன் மாதம் டபோலிமுக்கு மாறியது. அந்த இடைப்பட்ட காலத்தில் கப்பலிலிருந்து கரைக்கு வந்த சீ ஹாக்குகளுக்கு வீடு சூலூர். என் தாய்மாமா அப்போது பள்ளிக்கூடப் பையன். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது தலைக்கு மேலே "சீறிக்கிட்டுப் போகும்" என்பார். எந்த விமானம் என்று கேட்டால், "நேவிக்காரன் வண்டி" என்பதோடு சரி.

இன்னும் பின்னால் போனால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்த்ததும் கோவையில்தான். மில்லும் லேத்தும் தெரிந்த ஆட்கள் கிடைக்கிற ஊர், கூடவே குண்டு விழாத தூரம். கடலே இல்லாத ஊருக்குக் கடற்படை வந்தது அப்படி. இன்று சூலூரில் விமானப்படையின் தேஜஸ் நிற்கிறது.

தலைப்பை விட்டு விலகிவிட்டேன். 1971 பாகிஸ்தான் போருக்கு வருகிறேன்.

ஜூலை 8, இரவு

பாய்லரிலிருந்து தொடங்க வேண்டும்.

1970-ல் விக்ராந்தின் பாய்லர் டிரம்களில் விரிசல் கண்டுபிடித்தார்கள். மாற்று டிரம் பிரிட்டனிலிருந்து வர வேண்டும், உடனே வரவில்லை. கப்பலைக் கடலுக்கே அனுப்பக் கூடாது என்று ஒரு கட்சி. நான்கில் ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டலாம் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தது. மணிக்கு 24 கடல்மைலுக்கு மேல் ஓட வேண்டிய கப்பல் 16 கடல்மைல் பக்கம் தவழ்ந்தது.

இது ஏன் விமானியின் கவலை? தளத்திலிருந்து ஜெட் எழும்ப மூன்றும் சேர வேண்டும்: விமானத்தை உந்தி எறியும் கேட்டபல்ட் கருவி தள்ளும் வேகம், கப்பல் காற்றை எதிர்த்து ஓடும் வேகம், கடலில் வீசும் காற்று. டிசம்பரில் வங்கக் கடல் அமைதியாகக் கிடக்கும். காற்றும் கம்மி, கப்பலும் மெதுவு. அப்போது குண்டைக் குறை, இல்லையென்றால் எரிபொருளைக் குறை. ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் இந்தக் கணக்கு.

பாய்லர் நோயாளியை மேற்கே கராச்சிப் பக்கம் அனுப்ப முடியாது. கிழக்கே அனுப்பினார்கள். கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவில்காரர். விக்ராந்தை வேட்டையாட பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வருகிறது என்று தெரிந்ததும், கப்பலை சென்னையிலிருந்து நகர்த்தி அந்தமானில் ஒளித்து வைத்தார். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் இருப்பது போலக் காட்ட ஐ.என்.எஸ். ராஜ்புத்தைக் கடலில் விட்டு வயர்லெஸ் சத்தம் போட வைத்தார். விசாகப்பட்டினம் சந்தையில் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் போட்டார், யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று. காஸி சென்னைக் கடலில் தேடியது, விசாகப்பட்டினத்துக்குப் போனது, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி அங்கேயே மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டாலா, காஸி தானே விதைத்த கண்ணிவெடியாலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குத் தனி விவாத இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

டிசம்பர் 4 காலை. கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) காக்ஸ் பஜாரிலிருந்து சுமார் 110 கி.மீ. தூரத்தில் கடலில் விக்ராந்த். அந்த ஊரைத் தாக்க எட்டு சீ ஹாக்குகள் கிளம்பின. அன்றே பிற்பாடு சிட்டகாங் துறைமுகம். அடுத்த நாட்களில் குல்னா, மோங்லா. கப்பல்கள், ஓடுபாதை, எண்ணெய்த் தொட்டிகள், ஆற்றில் ஓடும் படகுகள். ஸ்குவாட்ரன் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தாவுக்கு மகாவீர் சக்ரா, கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்ரா. விக்ராந்தின் ஆட்கள் வாங்கிய வீர் சக்ரா 12. சுடப்பட்டு ஓட்டையோடு திரும்பின சீ ஹாக்குகள் உண்டு, திரும்பாதது ஒன்றுமில்லை.

டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்துப் போடும் அந்தப் புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பின்னால் வெள்ளை உடையில் நிற்கிறவர்தான் கிருஷ்ணன்.

ஜூலை 9

இல்லை நண்பரே, 1999-ல் கட்ச் பக்கம் பாகிஸ்தானின் அட்லாண்டிக் விமானத்தை வீழ்த்தியது சீ ஹாரியர் அல்ல. அது விமானப்படையின் மிக்-21, ஆகஸ்ட் 10 அன்று. வீழ்ந்தது கடற்படை விமானம் என்பதால் வீழ்த்தியதும் நம் கடற்படைதான் என்று யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 300-ன் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம், கணக்கு சுழியமாகவே இருக்கட்டும்.

ஜூலை 10, மதியம்

"எதிர்க்க ஆளில்லாத துறைமுகம்" என்ற பேச்சை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாதி சரி. கிழக்கே பாகிஸ்தானுக்கு இருந்தது ஒரே ஒரு சேபர் ஜெட் ஸ்குவாட்ரன், டாக்காவில். அங்கேயிருந்த தேஜ்காவ்ன் ஓடுபாதையை நம் விமானப்படை குண்டு போட்டுப் பிளந்ததில், இரண்டு மூன்று நாளில் அந்த சேபர்கள் எழும்ப வழியில்லாமல் போயின. சேபர்கள் பறந்துகொண்டிருந்த நிலையில் சீ ஹாக் அவற்றோடு மோதியிருந்தால் சீ ஹாக்குக்குத்தான் சங்கடம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன, ஆகவே "ஆளில்லாத" என்பது தவறு. ஆனால் ஃபைட்டருக்கு ஃபைட்டர் என்ற அர்த்தத்தில் கேட்டால் வானம் காலிதான்.

அந்த வேலைக்கு வேறு அளவுகோல் வேண்டும். கிழக்கே இருந்த பாகிஸ்தான் படை கடல் வழியாகத் தப்பிவிடக் கூடாது, வெளியிலிருந்து சரக்கும் வரக் கூடாது. அந்தக் கதவைப் பத்துப் பன்னிரண்டு நாள் மூடி வைத்திருப்பதுதான் வேலை. மூடினார்கள்.

குறை சொல்லியே தீர வேண்டுமென்றால் இதைவிடக் கூர்மையான குறை ஒன்று இருக்கிறது. டிசம்பர் 9 இரவு அரபிக் கடலில் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியை பாகிஸ்தானின் ஹேங்கர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அந்த நீர்மூழ்கியைத் தேடிப் பறந்த நம் அலிஸே விமானம் ஒன்றை மறுநாள் பாகிஸ்தானின் எஃப்-104 வீழ்த்தியது. மூன்று பேர் திரும்பவில்லை. அலிஸே மெதுவான புரொப்பெல்லர் விமானம், ஜெட்டிடமிருந்து தப்ப முடியாது. அதற்குத் துணைபோக வேண்டிய ஃபைட்டர்கள் எங்கே? கப்பலோடு வங்கக் கடலில். ஒரே கப்பல், ஒரே ஸ்குவாட்ரன், இரண்டு கடல். "ஏன் வீழ்த்தவில்லை" என்பதை விட்டுவிட்டு "மேற்கே ஏன் இல்லை" என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஜூலை 12

சீ ஹாக்கின் கடைசிக் காலத்தை வேகமாகத் தாண்டுகிறேன். 60-களில் மேற்கு ஜெர்மனி கழித்துக் கட்டியதில் 28 வாங்கி வைத்திருந்தார்கள், அதிலிருந்து உதிரிபாகம் பிடுங்கிப் பிடுங்கி ஓட்டினார்கள். 70-களின் முடிவில் மிஞ்சியது பழைய விமானமும் பழைய கப்பலும்.

அப்புறம்தான் ஹாரியர்.

90-களில் கொஞ்ச காலம் வாஸ்கோவில் வேலை பார்த்தேன். டபோலிம் பக்கம்தான் அறை. விமானம் கடந்துபோகும் சத்தம் காதுக்குப் பழகிவிடும், ஏறும், இறங்கும், போய்விடும். சீ ஹாரியர் அந்தரத்தில் நிற்கும்போது வரும் சத்தம் போகாது. அப்படியே நின்று அலறும். ஜன்னல் கண்ணாடி அதிரும். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால், "கொஞ்சம் இருங்க, இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து பேசுகிறவர்களுக்கு எது இறங்குகிறது என்றே புரியாது.

ஹாரியரின் பெகாஸஸ் என்ஜினுக்கு நான்கு வாய்கள். அவற்றைக் கீழே திருப்பினால் விமானம் அந்தரத்தில் நிற்கும், பின்னால் திருப்பினால் ஓடும். கேட்டபல்ட் வேண்டாம், தடுப்புக் கம்பியும் வேண்டாம். நம் சூட்டில்தான் சிக்கல். சூடான காற்று மெல்லியது, என்ஜின் உந்துதல் குறையும். செங்குத்தாக இறங்கும்போது என்ஜினுக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கூடுதல் பலம் எடுப்பார்கள். அந்தத் தண்ணீர் ஓரிரு நிமிடத்துக்கு மேல் வராது. அதற்குள் இறங்கியாக வேண்டும்.

விமானிகள் பிரிட்டனில் யோவில்டன் தளத்தில் பயிற்சி எடுத்தார்கள், ஃபாக்லாந்து போர் முடிந்த சூட்டோடு. தலைமை அருண் பிரகாஷ். (அவருடைய வீர் சக்ரா 71-ல் விமானப்படையோடு ஹன்ட்டர் ஓட்டி வாங்கியது. பிற்பாடு கடற்படைத் தளபதி.) முதல் மூன்று விமானங்கள் பிரிட்டனிலிருந்து பறந்தே 1983 டிசம்பர் 16 அன்று கோவா வந்தன. டிசம்பர் 20 அன்று அவர் விக்ராந்தில் இறக்கினார்.

இங்கேயும் விமானம் மாறியதும் கப்பலைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. விக்ராந்தின் மூக்கில் மேல்நோக்கி வளைந்த 9.75 டிகிரி ஸ்கி-ஜம்ப் சரிவு வைத்தார்கள், அதற்காகக் கேட்டபல்ட்டை எடுத்தார்கள். கேட்டபல்ட் போனதும் பாவம் அலிஸே கப்பலை விட்டு இறங்க வேண்டியதாயிற்று, 1987 ஏப்ரல் 2 அன்று கடைசியாக ஏவப்பட்டது. ஒரு ஸ்குவாட்ரனுக்குப் புது விமானம் வந்ததில் இன்னொரு ஸ்குவாட்ரனுக்கு வீடு போயிற்று. அதே வருடம் மே மாதம் விராட் என்ற இரண்டாவது விமானந்தாங்கிக் கப்பல் நம் கடற்படையில் சேர்ந்தது. ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் கொடிக்கப்பலாக இருந்த அதே ஹெர்மிஸ்.

ஜூலை 13

"ஹாரியரைப் புகழ்ந்து தள்ளுகிறீர்களே, விழுந்த கணக்கைச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். நியாயம்.

மொத்தம் சுமார் 30 வாங்கினோம், பயிற்சி விமானங்களும் சேர்த்து. 2009-க்குள் 17 விபத்துகள், ஏழு விமானிகள் இறந்தார்கள். போர் எதுவும் இல்லை, எல்லாம் வழக்கமான பறத்தல். செங்குத்தாக இறங்கும் விமானம் கேட்கும் விலை அது. அந்தக் கடைசி சில விநாடிகளில் என்ஜின் மக்கர் செய்தால் சறுக்கிக்கொண்டு போய் இறங்க இறக்கையில் பலம் இருக்காது. இருக்கையோடு வெளியே குதிப்பதுதான் ஒரே வழி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விழாமல் மிஞ்சிய பதினைந்துக்கும் குறைவான விமானங்களில் இஸ்ரேலின் எல்டா ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் எதிரியை அடிக்கும் திறன் நம் கடற்படைக்கு முதலில் வந்தது அந்த வயதான சீ ஹாரியர் வழியாகத்தான். 2007 செப்டம்பரில் வங்கக் கடலில் நடந்த 'மலபார்' என்ற கூட்டுக் கடற்படைப் பயிற்சிக்கு அமெரிக்காவின் நிமிட்ஸும் கிட்டி ஹாக்கும் வந்தபோது நம் பக்கம் விராட் நின்றது.

யோசித்தால், "ஃபைட்டர்" என்ற பெயருக்கு 300 முழுத் தகுதி பெற்றதே அந்தக் கடைசிப் பத்து வருடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை வரவில்லை, கணக்கும் ஏறவில்லை. அதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 15

2016 மே 11, கோவா. சீ ஹாரியருக்கு வழியனுப்பு விழா, அதே விழாவில் 300-க்கு மிக்-29கே. வீடியோ தேடிப் பாருங்கள், பழையதும் புதியதும் சேர்ந்து பறப்பது நன்றாக இருக்கும்.

சீ ஹாக் முழுச் சுமையோடு ஏழு டன் சொச்சம். சீ ஹாரியர் பன்னிரண்டு டன்னைத் தொடும். மிக் 24 டன். தளம் விக்ரமாதித்யா என்ற விமானந்தாங்கிக் கப்பல், 14 டிகிரிச் சரிவில் ஓடி ஏற வேண்டும், கம்பியில் கொக்கி மாட்டி இறங்க வேண்டும். ஹாரியர்காரர்கள் மறந்த கொக்கியை சீ ஹாக் பேரன்கள் மறுபடி கற்றார்கள்.

2016-ல் வந்த சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை மிக்-29கேயைக் காய்ச்சி எடுத்தது. வந்த 65 என்ஜின்களில் 40 கோளாறால் கழற்றப்பட்டன. ஒற்றை இருக்கை விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தவை சில சமயம் 16 சதவீதத்துக்கும் கீழே. அதாவது ஆறு நிறுத்தி வைத்திருந்தால் ஒன்று பறக்கும். கப்பல் கிடைத்தபோது விமானம் படுத்துக்கொண்டது. முன்பு எப்போதும் தலைகீழாகத்தான் நடக்கும்.

பிறகு நிலைமை தேறியது. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் புது விக்ராந்த் சேவைக்கு வந்தது, 2023 பிப்ரவரியில் அதன் தளத்தில் மிக்கும் கடற்படைத் தேஜஸும் இறங்கின.

ஜூலை 16

மே மாத இந்தியா-பாகிஸ்தான் சண்டையை இங்கே இழுக்காதீர்கள். அதற்கு ஏற்கெனவே ஏழெட்டு இழை எரிந்துகொண்டிருக்கிறது.

ஜூலை 19

ரஃபேல்-எம் பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஏப்ரல் 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 26 விமானம், அதில் நான்கு இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். நல்ல விமானம், சந்தேகமில்லை. ஆனால் இங்கேயும் கப்பல் வந்து நிற்கிறது. ரஃபேலின் இறக்கை மடங்காது. மிக்-29கேயின் இறக்கை மடங்கும். விக்ராந்தின் லிஃப்ட் மிக்கை மனதில் வைத்துக் கட்டியது. லிஃப்டில் எப்படி ஏற்றுவது, கீழே கொட்டகையில் எத்தனை நிறுத்துவது, நெருக்கிப் பிடித்தால் நடுவில் மெக்கானிக் நுழைய இடம் இருக்குமா என்பதெல்லாம்தான் இனி ஸ்குவாட்ரனில் தினசரிப் பேச்சாக இருக்கும். பாரிஸ் கண்காட்சியில் சுழன்று காட்டுகிற வீடியோவில் இது தெரியாது.

கோவா போகிறவர்கள் போக்மாலோ சாலையில் இருக்கும் கடற்படை விமான அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சீ ஹாக், அலிஸே, சீ ஹாரியர் மூன்றையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம். சீ ஹாக் பக்கத்தில் நின்றால் அதன் சிறுசு உறைக்கும். இதிலா 110 கி.மீ. கடல் தாண்டிப் போய்க் குண்டு போட்டுவிட்டு, தவழ்கிற கப்பலைத் தேடிப் பிடித்து இறங்கினார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஜூலை 21

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "சரி, ஃபைட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன், ஆனால் விக்ராந்த் ஸ்குவாட்ரன் என்று சொல்லியிருக்கலாம்" என்கிறார். எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு இடைஞ்சல்: அந்த விக்ராந்தை 2014-ல் உடைக்கக் கொடுத்தாயிற்று. அந்த இரும்பை உருக்கிச் சேர்த்தது என்று விளம்பரம் செய்து 2016-ல் பஜாஜ் ஒரு பைக் விட்டது, நம் கோவை நண்பரிடம் அது இருக்கிறதாம். படம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் போடவில்லை. அவர் போட்டால் அடுத்த குறிப்பு.